பி செல் இல்லாத ஆண் குழந்தை: பிடிகே குறைபாட்டைச் சோதிக்கும் முறை

ஆறு மாதம் வரை நன்றாக இருந்த ஆண் குழந்தைக்குக் காதில் சீழ், நிமோனியா என்று மாறி மாறி வந்தால் முதலில் தொண்டையைப் பாருங்கள். இத்தனை தொற்றுக்குப் பிறகு டான்சில் வீங்கியிருக்க வேண்டும். தேடியும் தென்படவில்லையென்றால், 1952-இல் மருத்துவர் ஆக்டன் புரூட்டன் விவரித்த நோயைச் சந்தேகிக்கலாம். பிடிகே என்ற நொதி இல்லாததால், ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளையணுவான பி செல் உருவாகாத நோய் அது. பி செல் இல்லாததால் டான்சிலும் வளராது. பிடிகே மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் இது பெரும்பாலும் ஆண் குழந்தைக்கே வரும். தாயிடமிருந்து வந்த ஐஜிஜி என்ற ஆன்டிபாடி கரையத்தான் அந்த ஆறு மாதம். பிறந்த சில வாரங்களில் எடுத்த ஐஜிஜி அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கோளாறு இருக்கும் இடம் இது. பி செல்லின் ஏற்பியில் ஆன்டிஜென் (கிருமி போன்ற அந்நியப் பொருளின் பகுதி) ஒட்டியதும், கூடவே இருக்கும் சிடி79ஏ, சிடி79பி புரதங்களின் உட்புற வாலில் லின் என்ற நொதி பாஸ்பேட் ஏற்றும். அங்கே சிக் என்ற நொதி வந்து ஒட்டி, பிளிங்க் என்னும் இணைப்புப் புரதத்தைத் தூண்டும். அதைப் பற்றிக்கொண்டு பிடிகே, பிஎல்சி காமா-2 என்ற நொதியை முடுக்கிவிட, செல்லுக்குள் கால்சியம் உயரும். எலும்பு மஜ்ஜையில் வளரும் இளம் பி செல்லும் இதே தொடரை நம்பித்தான் அடுத்த படிக்குப் போகிறது. பிடிகே இல்லாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும்.

இம்யூனோகுளோபுலின் (தானம் செய்தவர்களின் ஆன்டிபாடி) ஏற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுங்கள். ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவுகளோடு, செல்களை ஒளிரும் சாயத்தால் பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சிடி3 (டி செல்லின் அடையாளம்), சிடி19 (பி செல்லின் அடையாளம்) எண்ணிக்கையும் வேண்டும். சிடி19 செல்கள் லிம்போசைட்டுகளில் 2 சதவீதத்துக்குக் கீழ், சிடி3 இயல்பு என்றால் பாதை சரி. சிடி3-யும் குறைவு என்றால் அது வேறு நோய், அதைவிட அவசரமானது.

அடுத்தது பிடிகே புரதம். பி செல்லே இல்லாதபோது எதில் தேடுவது? மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளையணுவில். அதிலும் பிடிகே உண்டு. டி செல்லில் கிடையாது என்பதால் அதே குழாயில் ஒப்பீடும் கிடைத்துவிடுகிறது. இடிடிஏ குழாயில் 2 மி.லி. ரத்தம் போதும். ஃப்ரிட்ஜில் வைக்காமல் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். கூடவே ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் அதே பெட்டியில் பயணிக்கட்டும். 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் முதலில் மோனோசைட்டின் அடையாளமான சிடி14-க்குச் சாயமேற்றி, சிவப்பணுக்களைச் சிதைத்து, செல்லை நிலைப்படுத்தித் துளையிட்டு, அதன்பின் பிடிகே ஆன்டிபாடி சேர்க்க வேண்டும். துளையிட மெத்தனால் பயன்படுத்தினால் பிஇ என்ற ஒளிரும் சாயத்தின் ஒளி போய்விடும். சப்போனின் கலவையே மேல்.

ஆரோக்கியமானவரின் மோனோசைட்டிலும் பிடிகே தெரியவில்லையென்றால் துளை சரியாக விழவில்லை, அல்லது மாதிரி பழையது. டி செல்லும் ஒளிர்ந்தால் ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டுகிறது. அளவைக் குறைத்துத் திரும்பச் செய்யுங்கள். தாயின் மோனோசைட் வரைபடத்தில் இரண்டு முகடுகள் (பிடிகே உள்ளவை ஒன்று, இல்லாதவை ஒன்று) தெரிந்தால் அவர் மரபணுவைச் சுமப்பவர். ஒரே முகடுதான் என்பதால் குழந்தைக்கு நோய் இல்லை என்று ஆகாது. மரபணு மாற்றம் குழந்தையிடமே புதிதாகத் தோன்றியிருக்கலாம்.

அதிகம் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: புரதம் இருக்கும், வேலை செய்யாது. ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறிய வகைகளில் ஃப்ளோ இயல்பாகவே வரலாம். ஆகவே புரதம் தெரிந்தாலும் பிடிகே மரபணுவின் 19 எக்ஸான்களையும் (குறியீட்டுத் துண்டுகள்) அவற்றின் ஓரங்களையும் படித்தே தீர வேண்டும். ஒரு எக்ஸானே அழிந்திருந்தால் பையனிடம் அந்தத் துண்டைப் பெருக்கும் பிசிஆர் சோதனையில் எதுவும் வராது. தாயிடமோ இன்னொரு எக்ஸ் குரோமோசோம் அதை மறைத்துவிடும், எக்ஸான்களின் பிரதிகளை எண்ணும் எம்எல்பிஏ சோதனை தேவை. பிடிகே மரபணுவில் மாற்றம் எதுவும் இல்லையென்றால் சிடி79ஏ, சிடி79பி, பிளிங்க், மியூ சங்கிலி (ஐஜிஎம்-இன் ஒரு பகுதி) மரபணுக்களில் தேடுங்கள். இவற்றின் குறைபாடு பெண் குழந்தைக்கும் வரும்.

உறுதியானதும் கிலோவுக்கு 400 முதல் 600 மி.கி. இம்யூனோகுளோபுலின், 3–4 வாரத்துக்கு ஒருமுறை. ஐஜிஜி அளவை அடுத்த டோஸுக்குச் சற்று முன்பு பார்க்க வேண்டும். போலியோ சொட்டு மருந்து குழந்தைக்கும் வேண்டாம், அதே வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் வேண்டாம். ஊசி வடிவம் போட்டுக்கொள்ளலாம். இனி எந்தத் தொற்றைத் தேடினாலும் ஆன்டிபாடி சோதனை கேட்காதீர்கள். அதில் தெரிவது தானம் செய்தவர்களின் ஆன்டிபாடி, கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் கேளுங்கள்.