‘ரெண்டே பொட்டுதாங்கண்ணா’: டேங்கர் லாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறைக்குள் நுழைந்தேன். பெட்ரோல் டேங்கர் ஒன்றின் வயிற்றுக்கு அடியில் பலகை போட்டு ஒரு பையன் படுத்திருந்தான். ஒரு கையில் வெல்டிங் ஹோல்டர், இன்னொரு கையில் மட்கார்டைத் தாங்குகிற இரும்புத் துண்டு. அதை டேங்க் தகட்டோடு அழுத்திப் பிடித்திருந்தான்.

“தம்பி, ஹோல்டரைக் கீழே வை” என்றேன்.

“ரெண்டே பொட்டு வெல்டிங்தாங்கண்ணா. டேங்க் காலி. நேத்தே லோடு இறக்கியாச்சு.”

தொழிலுக்கு வந்த புதிதில் நான் சொன்ன அதே வார்த்தை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று நம் வட்டாரத்தில் லாரித் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. பீடி பற்ற வைக்காதே, வேகமாகப் போகாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

காலி டேங்க் என்று நம்பி வெல்டிங் வைப்பது

முதலில் என் கதை. அப்போது நான் ஒரு பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். டேங்கர் ஒன்றுக்குப் பின்பக்கம் ஹோஸ் பெட்டி மாட்ட இரண்டு பிராக்கெட் வேண்டும் என்று ஓனர் கேட்டார். டேங்கைத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். மேன்ஹோலைத் திறந்து, கழுத்துப் பக்கம் கேஸ் மீட்டரை நீட்டினேன். முள் பூஜ்யத்தில் நின்றது. “அடிக்கலாம்” என்று நான்தான் சொன்னேன்.

முதல் பொட்டு வைத்ததும் டெலிவரி பைப்பின் வாயிலிருந்து ஒரு நீல நாக்கு வெளியே வந்தது. அடுத்த நொடியே ‘தொம்’ என்று ஒரு சத்தம். பின்பக்க மூடித் தகடு பானை வயிறு போல வெளியே உப்பிவிட்டது. அடியில் படுத்திருந்த வெல்டருக்கு நெற்றியும் முன்கையும் வெந்துபோயின. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கை இப்போதும் முழுதாக மடங்காது. கோயில் திருவிழாவில் எதிரே வந்தால் அவர் சிரித்துக்கொண்டுதான் பேசுவார். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியாது.

எங்கே தவறினேன்? பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். அது கழுத்தில் நிற்காது, அடியில் தேங்கும். உள்ளே எண்ணெய் அலை அடிக்காமல் இருக்க வைத்திருக்கிற சர்ஜ் தடுப்புத் தகடுகளின் மறைவில் தேங்கும். டேங்கின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வுக்கும், வெளியே எண்ணெயைத் திறந்துவிடுகிற டெலிவரி காக்குக்கும் நடுவில் உள்ள பைப்பில் தண்ணீர் புகவே இல்லை, அங்கே பெட்ரோலே நின்றிருந்தது. நான் அளந்தது எல்லாவற்றுக்கும் மேலே இருந்த நல்ல காற்றை.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் காற்று போதாமல் எரியாது. நிரம்பிய டேங்குக்குள் ஆவி இந்த அளவைத் தாண்டித்தான் இருக்கும். லோடு இறக்கி, மூடியைத் திறந்து வைத்து, காற்று நுழைய நுழையத்தான் அது எரியக்கூடிய அளவுக்கு இறங்கி வருகிறது. 4,000 லிட்டர் கம்பார்ட்மென்ட் (டேங்குக்குள் பிரித்திருக்கிற அறை) ஒன்றில் 1.4 சதவீதம் என்றால் 56 லிட்டர் ஆவி. அதற்குச் சுமார் கால் லிட்டர் பெட்ரோல் ஆவியானாலே போதும். கழுவின டேங்கின் மூலையில் ஒரு டம்ளர் பெட்ரோல் நிற்காது என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்?

‘நம்ம வண்டி டீசல் ஏற்றுகிற வண்டி’ என்பார்கள். டீசல் நம் ஊர் வெயிலில் பெட்ரோல் போல ஆவியாகாது, சரி. ஆனால் ஆர்க் சூடு வெளியே பட்டதும், தகட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற படலம் ஆவியாகிவிடும். போன வாரம் அதே கம்பார்ட்மென்டில் பெட்ரோல் ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

செய்தே ஆக வேண்டிய வேலை என்றால், வெல்டிங் வைக்கிற கம்பார்ட்மென்டை மட்டும் கழுவினால் போதாது, எல்லாவற்றையும் கழுவ வேண்டும். ஃபுட் வால்வைத் திறந்து பைப் லைனையும் வடிக்க வேண்டும். ஸ்டீம் விடும்போது டேங்க் எர்த்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்டீமே ஸ்டேட்டிக் மின்சாரத்தை உண்டாக்கும். மீட்டரின் டியூபை அடிவரை இறக்கி, மூலை, தடுப்புத் தகட்டின் பின்பக்கம், பைப் வாய் என்று தனித்தனியாக அளக்க வேண்டும். டீ குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி அளக்க வேண்டும். ஆள் உள்ளே இறங்குவதானால் ஆக்சிஜனையும் பார்க்க வேண்டும். இவ்வளவையும் தகுதி பெற்ற ஒருவர் பார்த்து, கேஸ் இல்லை என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தீ. அந்தக் கையெழுத்து டேங்க் பக்கத்தில் நின்று போட்டதாக இருக்கட்டும். டீக்கடையில் உட்கார்ந்து போட்ட கையெழுத்துகளை நான் பார்த்திருக்கிறேன், இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

இத்தனையும் தாண்டி நான் கேட்பது ஒன்றுதான். அந்த பிராக்கெட்டை எதற்காக டேங்க் தகட்டில் வைக்கிறீர்கள்? பெட்ரோலிய விதிகளின்படி உங்கள் வண்டிக்கு எக்ஸ்ப்ளோசிவ் லைசென்ஸ் கிடைத்தது ஒப்புதல் பெற்ற வரைபடத்தை வைத்து. அதில் இல்லாத ஒரு துண்டை டேங்கில் ஒட்ட வேண்டுமானால், பெசோவிடம் (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கிற மத்திய அரசு அமைப்பு) முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அது வெறும் காகிதத்துக்காக இல்லை. மெல்லிய தகட்டில் நேராக பிராக்கெட்டை வைத்தால், வெல்டின் ஓரத்தில் தகடு அரிக்கப்பட்டு வலு குறைந்துவிடும். அப்புறம் அந்த வண்டி ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் சேஸிஸ் ஒருமுறை முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கல் எல்லாம் போய்ச் சேருவது அந்த ஓரத்தில்தான். ஆறேழு மாதத்தில் பிராக்கெட் ஓரமாக முடி அளவில் ஒரு கோடு தெரியும். சொட்டாது. ஈரத்தில் புழுதி ஒட்டி, மை தீட்டின மாதிரி இருக்கும். அதைத் துணியால் துடைத்துவிட்டு மோந்து பாருங்கள்.

பட்டறைப் பையனின் வண்டியில் மட்கார்டைச் சப்-ஃபிரேமில் கிளாம்ப் போட்டு, போல்ட்டில் மாட்டினோம். முக்கால் மணி நேர வேலை. டேங்கைத் தொடவே இல்லை.

பழைய டேங்கைப் புது சேஸிஸில் ஏற்றுவது

டேங்க் அதேதான், ஆனால் வண்டி வேறு. ஆக்சில் மேல் விழுகிற பாரம் மாறும், வரைபடமும் மாறும். முதலில் அனுமதி, பிறகு கிரேன். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்கிறார்கள்.

எர்த்திங் பாஸ் மேல் பெயின்ட்

எர்த் கிளிப் மாட்டுவதற்காக டேங்கில் இருக்கிற உலோகக் குமிழ்தான் எர்த்திங் பாஸ். எஃப்சிக்காகப் புதுப் பெயின்ட் அடிக்கும்போது அதன் மேலும் அடித்துவிடுவார்கள். கிளிப் மாட்டினாலும் எர்த் கிடைக்காது. சுரண்டிவிடுங்கள்.

வென்ட் அடைத்துக் கிடப்பது

டேங்குக்குள் காற்று போய் வருகிற வழிதான் வென்ட். மேலே ஏறிப் பாருங்கள். அடைந்த வென்ட்டோடு லோடு இறக்கினால் டேங்க் உள்பக்கமாகச் சப்பிப் போகும்.

போர்டில் பழைய எண்

வண்டியில் இருக்கிற அவசரத் தகவல் பலகையை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பெட்ரோலுக்கு ஐ.நா. எண் 1203, விபத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற ஹேஸ்கெம் குறியீடு 3ஒய்ஈ. அந்த 3 என்பது தீயணைப்பு வீரருக்கு ‘நுரை அடி’ என்று சொல்கிறது. ஒய் என்றால் மூச்சுக் கருவி போட்டுக்கொள், சிந்தியதைச் சாக்கடைக்குப் போக விடாமல் அணை கட்டு. ஈ என்றால் சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவதை யோசி. கந்தக அமிலத்துக்கு 1830, 2பி. இங்கே 2 என்றால் தண்ணீரைப் பனி மாதிரித் தூவு, பி என்றால் முழு உடைக் கவசத்தோடு நின்று நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கழுவு. இரண்டும் நேர் எதிர். தொப்பூர் கணவாயில் ராத்திரி ஒரு டேங்கர் கவிழ்ந்தால், முதலில் வருகிற ஆளுக்குக் கண்ணில் படுவது இந்தப் பலகை ஒன்றுதான். டிரைவர் பேசுகிற நிலையில் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஏற்றியது மாறினால் பலகையும் அன்றைக்கே மாற வேண்டும். அதில் இருக்கிற போன் நம்பருக்கு நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். நான் கூப்பிட்டுப் பார்த்ததில் ஒரு வண்டியின் நம்பர் ஐந்து வருடத்துக்கு முன்பு வேலையை விட்டுப் போன மேனேஜருடையது.

டிரெம் கார்டு

ஏற்றியிருக்கிற சரக்கால் ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிற அட்டை. டிரைவர் வாசிக்கிற மொழியில், கேபினில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

மலைக்குப் போகிற வண்டியில் முன் கம்பார்ட்மென்டை முதலில் இறக்குவது

இரண்டு பங்க்குக்கு லோடு. முதல் பங்க் அடிவாரத்தில், அடுத்தது மேலே. வால்வு கைக்கு வசதியாக இருக்கிறது என்று முன் கம்பார்ட்மென்டை முதலில் காலி செய்துவிடுவார்கள். பாரம் பின்னால் போய்விடும். ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகி, வளைவில் ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்காது. பாதி இறக்கி நிறுத்திய கம்பார்ட்மென்ட் இன்னும் மோசம், உள்ளே எண்ணெய் ஒரு பக்கமாக அலை அடித்து வண்டியைச் சாய்க்கும். அடிவாரத்திலேயே பின் கம்பார்ட்மென்டை முழுதாக இறக்கிவிட்டு, முன்பக்க லோடோடு மேலே ஏறுங்கள். எந்த கம்பார்ட்மென்ட் எந்த பங்க்குக்கு என்பதை டெப்போவில் லோடு ஏற்றும்போதே சொல்லிவிட வேண்டும், அடிவாரத்தில் வந்து மாற்ற முடியாது.