மலைநாட்டுக் கண்ணோடு நெடுந்தீவில் படம் பிடிக்க

ஹட்டனில் வளர்ந்த எனக்குப் படம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது பனிமூட்டம். தேயிலை மலைக்கு மேலே பனி ஏறி இறங்கும்போது, கண் அறியாமலே கை கமராவின் அளவுகளைத் திருப்பிக்கொண்டிருக்கும். அந்தக் கையோடு, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும், காட்டுக்குதிரைகள் மேயும் நெடுந்தீவுக்குப் போய் 400 படங்கள் எடுத்தேன். குதிரையின் கண் தெரிகிற படம் பத்துக்கூடத் தேறவில்லை. மறுவருடம் திரும்பவும் போய்த்தான் பிழை எங்கே என்று கண்டுபிடித்தேன். மலையகத்திலிருந்து கமராவோடு வடக்கே இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷட்டர் வேகம், துவாரம், ஐ.எஸ்.ஓ. மூன்றும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ஓர் இரவு தங்குங்கள்

காலையில் படகேறி மாலையில் திரும்பினால் தீவைப் பார்க்கலாம், படம் எடுக்க முடியாது. குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து சுமார் ஒரு மணிநேரப் படகுப் பயணம். கரை சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கிவிடும். நல்ல வெளிச்சம் கிடைக்கிற இரண்டு வேளைகளிலும் நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.

கண்டியில் பஸ் மாறினால் ஏ9 வீதி நேராக யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து குறிகாட்டுவானுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். பண்ணைப் பாலத்தின் இருபக்கமும் கடல்நீரேரி. கொக்கும் நாரையும் ஆலாவும் வீதிக்குப் பக்கத்திலேயே இரைதேடும். மாதம் என்று கேட்டால் பெப்ரவரி, மார்ச் என்பேன். மழைக்காலம் முடிந்து தரவையில், அதாவது மேய்ச்சல் வெளியில், புல் மிஞ்சியிருக்கும். வலசை வந்த பறவைகளும் திரும்பிப் போயிருக்காது.

2. எதைக் கொண்டுபோவது

70-300 லென்ஸ் ஒன்று, அகலக் காட்சிக்கு ஒன்று. இவை போதும். நிழலே இல்லாத வெளியில் நீண்ட தூரம் நடக்கவேண்டியிருக்கும் என்பதால் பெரிய லென்ஸையும் முக்காலியையும் வீட்டில் விட்டுவிடச் சொல்வேன். யூ.வி. வடிகட்டி கட்டாயம் வேண்டும். உப்பு அதில் படியட்டும், லென்ஸில் வேண்டாம். இரண்டு மெல்லிய துணிகள், நன்றாக மூடக்கூடிய பொலித்தீன் பை ஒன்று.

அந்தப் பை எதற்கென்றால், குளிரூட்டிய பஸ்ஸில் இரவெல்லாம் கிடந்த கமராவை யாழ்ப்பாணத்துக் காலையில் வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க நீர் படரும். பஸ்ஸை விட்டு இறங்குமுன் கமராவைப் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு அரைமணிநேரம் பொறுங்கள். ஈரம் பையின் மேல் படியும், உள்ளே போகாது. படகிலும் அது பைக்குள்ளேயே இருக்கட்டும். உப்புத் துளி பட்டுவிட்டால் உலர்ந்த துணியால் தேய்க்கவேண்டாம், உப்பு மணி கண்ணாடியைக் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்தபிறகே துடைக்கவேண்டும்.

3. குதிரையும் முருகைக்கல்லும்

என்னை விழுத்தியது இந்த இடம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கமராவுக்குள் இருக்கிற ஒளிமானிக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பல் ஆக்கப் பார்க்கும். பனிமூட்டத்தைப் படம் எடுத்தால் அழுக்குத் துணிபோல வருவது இதனால்தான். அதற்கு நாம் படத்தை வெளிச்சமாக்கும் எக்ஸ்போஷர் ஈட்டை +1 வைத்துப் பழகிவிட்டோம். பனி விலகினால் குறைப்போம், வந்தால் கூட்டுவோம்.

நெடுந்தீவில் குதிரைகள் பெரும்பாலும் கருஞ்சிவப்பு. பின்னால் வெளிறிய வானமும், முருகைக்கல் எனப்படும் பவளப்பாறைக் கல்லால் அடுக்கிய வேலியும். குதிரை படச்சட்டத்தை நிறைத்து நின்றால், கறுப்பைச் சாம்பலாக்கப் போய் வேலியை வெளுக்கவைத்துவிடும் கமரா. குதிரை பத்தடி நடந்து வானம் உள்ளே வந்துவிட்டால், அதே குதிரை கரிக்கட்டையாகும். நான் விடாமல் கூட்டியும் குறைத்தும் அதன் பின்னாலேயே ஓடினேன். வெளிச்சம் மாறவேயில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. நம் மலையில் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது வெளிச்சம். அங்கே மாறுவது சட்டத்துக்குள் இருக்கிற பொருள்தான்.

ஆகவே கமராவை மெனுவலில் வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 200, துவாரம் எஃப் 8, ஷட்டர் 1/800. தெளிந்த வெயிலுக்கு இதுவே தொடக்கம். வெயில் பட்ட வேலியை ஒரு படம் எடுத்து, வெளுத்த இடங்களை மினுக்கிக் காட்டும் வசதியைத் திரையில் போட்டுப் பாருங்கள். வேலி மினுக்கினால் 1/1000, அதுவும் மினுக்கினால் 1/1250. மினுக்கு நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். சூரியனை மேகம் மறைக்கும்வரை, அல்லது வெயில் சாயும்வரை, எந்தக் குதிரை எங்கே போனாலும் அந்த அளவு சரியாக இருக்கும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். இரண்டாம் பயணத்தில் இப்படி எடுத்த முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடரி மயிரில் சிக்கியிருந்த காய்ந்த புல்லும், கண்ணோரத்தில் ஒட்டியிருந்த ஈயும் தெரிந்தன.

புறப்படுமுன் வீட்டிலேயே பழகலாம். லயத்து வாசலில் கொடியில் காயும் வெள்ளை வேட்டிக்கு முன்னால் கறுப்பு நாய் ஒன்றை நிறுத்துங்கள். ஒரு மணிநேரம் போதும்.

குதிரைகளுக்கு உணவு நீட்டவேண்டாம், துரத்தவும் வேண்டாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அவை. கோடையில் குடிநீருக்கே அலைகின்றன. அவற்றை ஓடவிட்டு எடுக்கிற படம் எனக்கு வேண்டாம். உட்கார்ந்து காத்திருந்தால் மேய்ந்துகொண்டே பக்கத்தில் வரும்.

4. அடிவானம்

நம் ஊரில் அடிவானம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவுதான், கமரா சாய்ந்திருந்தாலும் படத்தில் தெரியாது. கடல் அதை மன்னிக்காது. என் முதல் பயணத்துக் கடல்படங்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் வலப்பக்கம் வழிந்தோடுகிறது. திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு, கடற்கோட்டை அவற்றில் ஒன்றோடு பொருத்தியபிறகு அழுத்துங்கள்.

வெறும் கடலும் வானமும் படமாகாது. ஒரு பெருக்குமரமோ (பாவோபாப்) இடிந்த கோட்டைச் சுவரோ முன்னால் வேண்டும். மாலையில் வெயில் பக்கவாட்டில் விழும்போது முருகைக்கல் வேலிக்கு அருகே குனியுங்கள். ஒவ்வொரு கல்லிலும் பூப்போன்ற பவளத் தடம் நிழலோடு எழுந்து நிற்கும்.

5. கானல்

காலை ஒன்பதுக்குப் பிறகு தூரத்துக் குதிரை நெளிந்து தெரிந்தால் லென்ஸைக் குறை சொல்லவேண்டாம். சூடான தரையிலிருந்து எழும் காற்றின் வேலை அது. எந்த லென்ஸும் அதை வெல்லாது. கிட்டப் போகமுடியாவிட்டால் கமராவை மூடிவிட்டு நிழலுக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: கைத்தொலைபேசி மட்டும் இருந்தால் என்ன செய்வது என்று பண்டாரவளையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மூன்றாவது பகுதியில் சொன்னதை அதிலும் செய்யலாம். வெயில் பட்ட வேலியின் மேல் விரலை வைத்து, பூட்டு அடையாளம் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டுப் பிறகு குதிரைக்குத் திருப்புங்கள். பெரிதாக்கும் வசதியைத் தொடவேண்டாம். குதிரையைச் சிறிதாக வைத்து, தரவையையும் வானத்தையும் பெரிதாக எடுங்கள்.