அயர்லாந்துக் கிராமத்தில் வீடு பார்க்கிறீர்களா?

வாடகை பேசும் முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அரசு நிறுவனமான இஷ்கே ஏரனின் குழாய், ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் குடிநீர்த் திட்டம், வீட்டுக்கே சொந்தமான போர் (ஆழ்துளைக் கிணறு) என மூன்றில் ஒன்றாக இருக்கும்.

போர் என்றால் தண்ணீரின் தரத்துக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு. கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது, கூடுமானால் பெருமழைக்குப் பிறகு, மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று காட்டும் ஈ. கோலை பாக்டீரியா சோதனை செய்ய வேண்டும். கிளேர், கால்வே போன்ற சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளில் மழைநீர் பாறை வெடிப்பு வழியே வடிகட்டப்படாமல் இறங்கிவிடும். வயலில் தெளித்த மாட்டுச் சாணக் கரைசலும் கூடவே போகும். முடிவு வரும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். கிருமி சாகும், ஆனால் நைட்ரேட் என்ற வேதிப்பொருள் போகாது.

கரண்ட் போனால் போர் மோட்டாரும் நிற்கும், வீட்டைச் சூடேற்றும் பாய்லரும் நிற்கும். 2025 ஜனவரி 24 அன்று ஏயோவின் புயல் அடித்தபோது 7,68,000 இணைப்புகளில் மின்சாரம் போனது. சில ஊர்களில் திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே குடிநீரைப் பிடித்து வையுங்கள், கழிப்பறைக்குத் தனியாக வாளிகளில் நிரப்புங்கள். மின்தடையைச் சொல்ல 1800 372 999. மின் ரசீதில் உள்ள 11 இலக்க எம்பிஆர்என் எண்ணை (உங்கள் மின் இணைப்பின் அடையாள எண்) கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வீட்டைச் சூடேற்றும் பாய்லருக்குப் பெரும்பாலும் மண்ணெண்ணெய்தான். தொட்டியில் கால் பங்கு மிஞ்சும்போதே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். முழுக்கக் காலியானால் அடிக்கசடு ஃபில்டரை அடைக்கும், குழாயில் காற்று புகும். பிறகு எண்ணெய் ஊற்றினாலும் பாய்லர் பற்றாது. பம்பில் காற்றை வெளியேற்றிய பிறகே ஓடும். சிவப்பு ரீசெட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், எரியாத எண்ணெய் உள்ளே தேங்குவது ஆபத்து.

சாக்கடைக்கு செப்டிக் டேங்க். அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது 2012 சட்டம். தாளித்த எண்ணெயை சிங்க்கில் கொட்டவே கூடாது; ஈரத் துடைப்பான் தாள்களும் வேண்டாம். பிளீச்சைத் தாராளமாக ஊற்றினால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா செத்துவிடும்.

பல வீடுகளுக்குக் கதவிலக்கமே கிடையாது, ஊர்ப்பெயர் மட்டும்தான். அதனால் எழுத்தும் எண்ணும் கலந்து 7 குறிகள் கொண்ட ஏர்கோடை (வீட்டின் அஞ்சல் குறியீடு) எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்; 112-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் அதை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்கும். கார் இல்லாதவர்களுக்கு கிராமப்புறங்களுக்கான லோக்கல் லிங்க் பஸ் உண்டு. சில தடங்களில் முன்கூட்டியே பதிவு செய்தால்தான் வரும் என்பதால், நேர அட்டவணையை வீடு முடிவாகும் முன்பே பாருங்கள்.