காங்கேசன்துறை வீதியில் மேளம் கேட்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, ஊருக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் நல்லூர், கீரிமலை, நயினாதீவு, கசூரினா என்று ஓடித் திரிந்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். கீரிமலைக்குப் போகும் வழியில் இணுவில் வரும். அங்கே வாடகை வான் வண்டிகள் நிற்பதில்லை. யாழ் பஸ் நிலையத்தில் காங்கேசன்துறை பஸ் ஏறினால் கொக்குவில், தாவடி தாண்டியதும் இணுவில்தான். நாதஸ்வர, தவில் மேளத்துக்குப் பேர்போன இந்த ஊருக்கு ஒரு பின்னேரத்தையாவது ஒதுக்குங்கள்.

தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்ற பெயரை விளக்கத் தேவையில்லை. உங்கள் பிள்ளைகளுக்குத் தேவைப்படும். 1933இல் இணுவிலில், தவில் வித்துவான் விஸ்வலிங்கத்தின் மகனாகப் பிறந்தார். பிறகு அளவெட்டியில் குடியிருந்தார். 1975இல், 42 வயதுகூட நிறையாமல் காலமானார். அந்தக் காலத்தில் எங்கள் கோயில்கள் திருவிழாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மேளம் கொண்டுவருவதைப் பெருமையாக நினைத்தன. இவரோ இங்கிருந்து அங்கே போனார். காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் போன்ற பெரிய நாதஸ்வரங்களுக்கு வாசித்து, தமிழ்நாட்டுத் தவில்காரர்களையே அசரவைத்தார். யூடியூபில் அவருடைய பழைய ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. போகுமுன்பே தவில் மட்டும் தனித்து வாசிக்கும் ஒரு தனி ஆவர்த்தனமாவது கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமல் போனால் அந்த ஊர் உங்களுக்கு இன்னொரு சந்தி, இன்னொரு கடைத்தெரு, அவ்வளவுதான்.

மேளம் கேட்கக் கோயிலடிக்குத்தான் போகவேண்டும், அதுவும் திருவிழா நாளில். சித்திரையிலிருந்து ஆவணி வரை, இந்த ஊர்களெல்லாம் அடங்கிய வலிகாமத்தில் ஏதாவதொரு கோயிலில் கொடி ஏறியிருக்கும். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூர் கொடியேறி 25 நாள் நடப்பதால் கனடா, ஐரோப்பாப் பள்ளி விடுமுறையோடு பெரும்பாலும் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்; அப்போது போய்விட்டு ஊர் வெறிச்சென்று இருந்தது என்று குறை சொல்லக்கூடாது. தைப்பூசத்துக்குப் போகக்கூடியவர்கள் இணுவில் கந்தசாமி கோயில் மஞ்சத்தைத் தவறவிடவேண்டாம். தேர் அளவுக்கு ஓங்கிய, மரச் சிற்பம் நிறைந்த அந்த மஞ்சத்தில் முருகன் வீதி வருவதைப் படத்தில் பார்த்து ஆற்றிக்கொள்ள முடியாது.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். சுவாமி புறப்படும்போது மல்லாரி என்ற புறப்பாட்டு இசையை வாசிப்பார்கள். அப்போது சுவாமிக்கு முன்னால் சனம் நெருக்கும். வெளிவீதிக்கு வந்தபின் மேளம் சுவாமியைத் தாண்டிச் சற்று முன்னே போய் நின்று வாசிக்கும். அங்கே ஓரமாக, தவில்காரரின் வலக்கை தெரிகிற பக்கமாக நில்லுங்கள். அந்த விரல்களில் பசை தோய்த்த துணி சுற்றிக் காயவைத்த கூடுகள் இருக்கும். இடக்கையில் கட்டையான ஒரு கழி. வேகம் கூடும்போது விரல் தனித்தனியே தெரியாது, ஆனால் தாளச் சொல் ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்கும். அதுதான் நல்ல கைக்கு அடையாளம். இரண்டு கூட்டம் மேளம் பிடித்திருந்தால் சமா வைப்பார்கள், அதாவது ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்து வாசிப்பார்கள். அன்று நித்திரையை மறந்துவிடுங்கள். ஆண்கள் வேட்டியோடு போங்கள், உள்ளே போகும்போது மேற்சட்டை கழற்றவேண்டும். வாசிப்பவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள்.

இணுவிலில் இன்னொருவரையும் சொல்லவேண்டும். மயிலாப்பூர் கற்பகாம்பாள் மீது டி. எம். சௌந்தரராஜன் பாடிய ‘கற்பகவல்லி நின் பொற்பதங்கள் பிடித்தேன்’ பாட்டைத் தெரியாத தமிழர் குறைவு. அதை எழுதியவர் இணுவில் வீரமணி ஐயர் என்று சென்னையில் போய்ச் சொன்னால் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். அடையாறு கலாக்ஷேத்திராவில் நடனம் படித்தவர், 72 மேளகர்த்தா (தாய்) இராகங்களிலும் பாட்டுச் செய்தவர், 2003இல் மறைந்தார். அவருக்கு வெகு முந்தி பஞ்சவன்னத்தூது என்ற தூது நூலைப் பாடிய சின்னத்தம்பிப் புலவரும் இதே ஊர்தான். அடுத்த சந்தி மருதனார்மடம். அங்குள்ள இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்திருக்கிறார். இப்போது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. மாணவர் கச்சேரி ஏதும் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மல்லாகத்தில் திரும்பினால் அளவெட்டி. நாதஸ்வரத்துக்கு என். கே. பத்மநாதன், கவிதைக்கு ‘மஹாகவி’ உருத்திரமூர்த்தி. மஹாகவியின் ‘கோடை’ என்ற பாநாடகம் ஒரு மேளக் குடும்பத்தின் கதை. கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் வீதியில் இருந்து அதை வாசித்தால் வேறு மாதிரி இருக்கும். புத்தகம் கையில் இல்லாவிட்டால் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். ஈழத்து நூல்களும் ஊர் மலர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கின்றன.

வயதானவர்களிடம் கதை கேட்கப் போகும்போது கொஞ்சம் கவனம். மேளக் குடும்பங்களைக் கோயிலில் பட்டாடை போர்த்திக் கொண்டாடிய ஊர், கோயிலுக்கு வெளியே அவர்களை எப்படி நடத்தியது என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். “இன்ன வித்துவானின் வீடு எது, ஐயா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். சாதி விசாரணை மாதிரி ஒரு கேள்வி போதும், கதை அதோடு நின்றுவிடும்.

வெறுங்கையோடும் போகாதீர்கள். 1995 ஒக்டோபரில் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அங்கே எத்தனையோ வீட்டு அல்பங்கள் போய்விட்டன. ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் உங்கள் அம்மாவின் அலுமாரியில் இருக்கும் கலியாணப் படங்களை எடுத்துப் பாருங்கள். மணவறைக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு, நாதஸ்வரமும் தவிலுமாக நாலு பேர் இருந்திருப்பார்கள். அந்தப் படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். யார் யார் என்று பெயர் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். பெயரைப் பின்பக்கத்தில் அப்போதே எழுதிவிடுங்கள்.

நேரமிருந்தால் வீதியின் கடைசிவரை போகலாம். காங்கேசன்துறை, இசைநாடக நடிகர் ‘நடிகமணி’ வி. வி. வைரமுத்துவின் ஊர். ‘மயான காண்டம்’ நாடகத்தில் அவர் அரிச்சந்திரனாக வந்து உச்சத்தில் பாடியதை நேரில் கேட்டவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதுக்காரர். அவர்களிடம் கதைத்தால் பாதிக் கூத்தையும் பாடிக் காட்டிவிடுவார்கள்.

காங்கேசன்துறைக்கு ரயிலும் ஓடுகிறது, இணுவிலிலும் ஒரு நிலையம் உண்டு. ஆனால் இரவுத் திருவிழா முடியும் நேரத்தில் ரயிலையோ பஸ்ஸையோ நம்பமுடியாது. போகிற ஓட்டோக்காரரிடமே திரும்பும் நேரத்தையும் கூலியையும் பேசி, அவரையும் மேளம் கேட்க இருக்கச் சொல்லுங்கள். அனேகமாக அவரே எந்தக் கூட்டம் நல்லாக வாசிக்கும் என்று உங்களுக்குச் சொல்லித்தருவார்.