ஆமென் வரை பொறுங்கள்: கொரியத் தேவாலயத் திருமணத்தைப் படமெடுக்கும் முறை

சியோலில் வசிக்கும் நண்பர் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் தேவாலயத்தில் திருமணம் என்று சொல்லி, "நீதான் படம் எடுக்க வேண்டும்" என்று கேட்டுவிட்டாரா? பதற வேண்டாம். அங்கே வணிகத் திருமண மண்டபங்களில் சடங்கு பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த ஜோடி வாசலில் நிற்கும். புராட்டஸ்டன்ட் தேவாலயத்தில் பாடல், ஜெபம், வேத வாசிப்பு, போதகரின் செய்தி என்று நிதானமாகப் போகும். ஆனால், கூடுதலாகக் கிடைக்கும் அந்த நேரத்தில் பாதி, கேமராவைக் கீழே வைத்திருக்க வேண்டிய நேரம்.

முதல் படி: நிகழ்ச்சி நிரல்

அச்சிட்ட நிரலை முன்கூட்டியே வாங்கி, கொரிய மொழி தெரிந்த ஒருவரின் துணையோடு ஒவ்வொரு வரிக்கும் எதிரே தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் ஏறலாமா, ஃபிளாஷ் போடலாமா, எங்கே நிற்கக் கூடாது என்ற மூன்றையும் மணமகன் வழியாகப் போதகரிடம் கேட்டுவிடுங்கள். போதகரை ‘மொக்ஸாநிம்’ என்று அழைப்பார்கள். அந்த ஒரு சொல்லோடு குனிந்து வணக்கம் சொன்னால் பாதி அனுமதி கிடைத்த மாதிரி.

இரண்டாம் படி: விளக்கும் ஷட்டரும்

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். படத்தில் விளக்குகள் மினுங்காமல் இருக்க ஷட்டரை 1/100 நொடி என்று வைத்துப் பழகியிருப்போம். கொரியாவில் 60 ஹெர்ட்ஸ். அதே 1/100 அங்கே ஒரு படத்தை வெளிச்சமாகவும் அடுத்ததை மங்கலாகவும் தரலாம். 1/125 அல்லது 1/60 வையுங்கள். அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 2.8, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200 என்று தொடங்கி, இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஓசையில்லாத மின்னணு ஷட்டரைத்தான் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். எல்.இ.டி. விளக்கின் கீழ் அது படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடக்கூடும். முந்தைய நாளே போய், மேடை விளக்குகளை எரியவிட்டுச் சோதித்துப் பாருங்கள். கைபேசியை மாற்றுக் கேமராவாக நம்ப வேண்டாம். கொரியாவில் விற்கப்படும் கைபேசிகளில் படமெடுக்கும் ஓசையை வழக்கமாக அணைக்க முடியாது.

மூன்றாம் படி: பூக்கள்

திருமண நாள் மாதக்கணக்கில் முன்பே குறிக்கப்படுகிறது. செர்ரிப் பூ அந்தத் தேதியைப் பார்த்துப் பூப்பதில்லை. சியோலில் வழக்கமாக ஏப்ரல் தொடக்கத்தில் மலர்ந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். ஆகவே வெளிப்புறப் படங்களைத் திருமணத்தன்றே எடுப்பதென்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். பூத்திருக்கும்போதே மணமக்களை ஒரு காலை வேளையில் அழைத்துப் போய்விடுங்கள். தவறிவிட்டால், உதிர்ந்த இதழ்கள் கிடக்கும் நடைபாதையில் கேமராவைத் தரையோடு தரையாக வைத்து எடுங்கள்; எனக்கு அதுதான் மரத்தடிப் படத்தைவிடப் பிடிக்கும். வெள்ளை உடை, வெளிறிய பூ இரண்டும் சேர்ந்தால் கேமரா ஏமாந்து படத்தை மங்கலாக்கும். வெளிச்சத்தைச் சற்றே கூட்டுங்கள். உடையின் மடிப்புகள் வெளுத்து மறையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மெழுகுவர்த்தி

சடங்கு பெரும்பாலும் இரு தாய்மாரோடு தொடங்கும். இருவரும் கொரிய மரபு உடையான ஹான்போக் அணிந்து சேர்ந்து நடந்து வந்து, மேடையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நீலச் சாயலில் இருப்பவர் மணமகனின் தாய், இளஞ்சிவப்புச் சாயலில் இருப்பவர் மணமகளின் தாய் என்பது பொதுவான வழக்கம். யார் எந்த வீட்டார் என்று தெரியாத நமக்கு இது பெரிய உதவி.

ஐந்தாம் படி: ஜெபம்

ஜெபம் தொடங்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு படம்: குனிந்த தலைகளும் நடுவே நிற்கும் இருவரும். அவ்வளவுதான், கேமராவை இறக்குங்கள். எல்லோரும் கண்களை மூடியிருக்கும்போது ஷட்டரின் ‘சடக்’ எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. ஜெபம் முடிவதை அறிய மொழி தேவையில்லை. ‘யேசு’ அங்கேயும் யேசுதான். அந்தப் பெயரை அடுத்துப் பெரும்பாலும் ‘கிதோஹம்னிதா’ என்று வரும், ஜெபிக்கிறோம் என்று பொருள். பிறகு சபை முழுவதும் ஒரே குரலில் ‘ஆமென்’. தலைகள் நிமிரும் அந்த நொடியில் மணமகளின் கண்கள் ஈரமாக இருக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

ஆறாம் படி: பெற்றோருக்கு வணக்கம்

ஒரே ஒரு படம்தான் எடுக்கலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். உறுதிமொழியும் மோதிரமும் முடிந்தபின், மணமக்கள் இரு வீட்டுப் பெற்றோர் முன்னும் போய் நிற்பார்கள். மணமகன் மண்டியிட்டு நெற்றி தரையில் படும் அளவுக்குக் குனிந்து வணங்குவார். நீண்ட கவுன் அணிந்த மணமகள் இடுப்பு வளைய வணங்குவார்.

முதல் முறை நான் மணமகனுக்குப் பின்னால் நின்றேன். பத்துப் படங்களிலும் கோட்டின் முதுகு மட்டுமே கிடைத்தது. முகம் பெற்றோரிடம் இருக்கிறது. ஆகவே வாழ்த்துப் பாடல் ஒலிக்கும்போதே முன்வரிசையின் ஓரத்துக்கு நகர்ந்து, 85 மி.மீ. லென்ஸோடு முழங்காலிட்டு, மணமகளின் தாயின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். மருமகன் எழுவதற்குள் அவர் கை அவன் தோளை நோக்கி நீளும். தந்தை கூரையைப் பார்ப்பார், மூக்கை உறிஞ்சுவார், கையுறையைச் சரிசெய்வார். கொரிய மொழியிலும் தந்தை ‘அப்பா’தான். மகள் அந்தச் சொல்லைச் சொல்வது காதில் விழுந்தால் வேறெதையும் பார்க்காமல் விசையை அழுத்துங்கள்.

ஏழாம் படி: குழுப் படமும் அதன் பிறகும்

குடும்பம், உறவினர், நண்பர்கள் என்று வரிசை வரிசையாக மேடையேறுவார்கள். ‘யோகி போசேயோ’ என்றால் இங்கே பாருங்கள் என்று பொருள். சாமியார் யாரையும் கூப்பிடவில்லை. ‘ஹனா, துல், செட்’ என்று எண்ணி எடுங்கள். மணமகள் வீசும் மலர்ச்செண்டை முன்பே முடிவான ஒரு தோழிதான் பிடிப்பார் என்பதால், அவரை நிற்கவைத்து முன்கூட்டியே ஃபோகஸ் செய்துவிடலாம்.

சில குடும்பங்கள் இதன்பின் சிறிய அறையில் ‘பியெபெக்’ என்ற மரபுச் சடங்கையும் செய்யும். எல்லாக் கிறிஸ்தவக் குடும்பங்களும் செய்வதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், காலுறையில் ஓட்டை இருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள். பெரியவர்கள் வீசும் இலந்தையையும் கஷ்கொட்டையையும் மணமக்கள் விரித்துப் பிடிக்கும் துணியில் ஏந்துவார்கள். பறக்கும் காயைத் துரத்தாமல் துணியின் நடுவில் ஃபோகஸை நிறுத்தி, ஷட்டரை 1/500 ஆக்கித் தொடர்ந்து எடுங்கள். எத்தனை விழுந்தன, எத்தனை பிள்ளைகள் என்று அறையே சிரிக்கும்.

விருந்து நூடுல்ஸுக்கு உட்காரும் முன் மெமரி கார்டை மடிக்கணினியில் ஒரு முறையும் வெளி வட்டில் ஒரு முறையும் நகலெடுத்துவிடுங்கள்.