கனெக்‌ஷன் திறக்கவே 10 வினாடி: நான் சரிசெய்த விதம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடையின் பில்லிங்கைப் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் பில் திறக்கவே 10 வினாடி ஆனது, வரிசையில் நின்ற அக்கா ஒருவர் எடுத்த சேலையைக் கவுன்ட்டரிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார், எனக்கு மனசே ஆறவில்லை.

எல்லாரும் குவெரிதான், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விதான், மெதுவு என்றார்கள். சின்னதாக ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி, எங்கள் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்குக் கனெக்‌ஷன் திறக்கும் நேரத்தையும் 'செலக்ட் 1' என்ற மிகச் சின்னக் குவெரிக்குப் பதில் வரும் நேரத்தையும் தனித்தனியாக அளந்தேன். பதிலுக்கு 2 மில்லிவினாடி, திறக்க மட்டும் 10 வினாடி! மைஎஸ்க்யூஎல்லின் 3306 போர்ட்டுக்கு டெல்நெட் (இணைப்பை நேராகச் சோதிக்கும் கருவி) அடித்தால் உடனே இணைகிறது, ஆனால் சர்வரின் முதல் வரி வரத்தான் அத்தனை நேரம். அப்புறம்தான் பிடிபட்டது: இணைய வருகிற கணினியின் ஐபி முகவரிக்குப் பெயர் தேடி, எப்போதோ நிறுத்தப்பட்ட டிஎன்எஸ் (ஐபிக்கும் பெயருக்கும் பொருத்தம் சொல்லும் சேவை) முகவரியிடம் மைஎஸ்க்யூஎல் சர்வர் காத்துக்கிடந்தது. லினக்ஸில் வழக்கமாக ஒரு முயற்சிக்கு 5 வினாடி, இரண்டு முயற்சி.

மைஎஸ்க்யூஎல் அமைப்பில் 'ஸ்கிப் நேம் ரிசால்வ்' (பெயர் தேடாதே) போட்டு ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது. அதற்கு முன் பயனர் அனுமதிகளில் கணினிப் பெயர் இருந்தால் ஐபியாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயே விடாது.