வீட்டுக்கல்வி: புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறுகள், அதில் ஒன்று ரொம்பப் பெரியது

ஜூன் மாதம் நெருங்கினால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "பையனை இந்த வருஷம் ஸ்கூலுக்கு அனுப்பலைங்க அக்கா, வீட்டுலயே பார்த்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம், எங்கிருந்து ஆரம்பிக்கறது?" பேசப் பேச, ஆரம்பத்தில் நாங்கள் தடுமாறிய அதே இடங்களில்தான் இவர்களும் கால் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். பொறுமையாக இருங்கள், குழந்தையைத் திட்டாதீர்கள், ஃபோனைக் கையில் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். உள்ளே இறங்கிய பிறகுதான் கண்ணில் படுகிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன், தமிழ்நாட்டில் இருக்கிறவர்களை மனதில் வைத்து.

டிசி வாங்காமல் நின்றுவிடுவது

கோடை விடுமுறை முடிந்ததும் அனுப்பாமல் இருந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். பள்ளிப் பதிவேட்டில் பெயர் அப்படியே இருக்கும், மாநில அரசு மாணவர் விவரங்களை வைத்திருக்கிற எமிஸ் தளத்தில் குழந்தை அதே பள்ளி மாணவராகத் தொடரும். தனியார் பள்ளி என்றால் அடுத்த வருடம் போய் நிற்கும்போது அந்த வருடத்து ஃபீஸையும் கட்டச் சொல்லலாம். டிசி வாங்கினால் எமிஸில் பெயர் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்குப் போய்விடும், நாளைக்கு எந்தப் பள்ளியும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள முடியும். பள்ளியோடு மனக்கசப்பு வருவதற்கு முன்னால் நேரில் போய் நல்லபடியாகப் பேசி வாங்கிவிடுங்கள். அதே கையோடு பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளியில் இருக்கிற குழந்தைக்கு இதையெல்லாம் யாராவது ஞாபகப்படுத்துவார்கள். நமக்கு ஞாபகப்படுத்த ஆள் கிடையாது.

எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமல் வருவது

அரசுப் பள்ளியில் படிக்கிற குழந்தையை நிறுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதை வைத்துத்தான். வீட்டுக்கு வந்துவிட்டால் இவை போய்விடும். போனாலும் பரவாயில்லை என்று முடிவெடுப்பது வேறு, தெரியாமலேயே இழப்பது வேறு.

கணக்கெடுப்புக்கு வருகிறவரோடு சண்டை போடுவது

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு என்று ஒரு ஆசிரியரோ ஆசிரியர் பயிற்றுநரோ வாசலில் வந்து நிற்பார். உடனே சிலர் சட்டம் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர் எதற்காக வருகிறார்? இந்தக் குழந்தையை மில்லுக்கோ செங்கல் சூளைக்கோ அனுப்பிவிட்டார்களா, கல்யாணம் கட்டிக்கொடுத்துவிட்டார்களா என்று பார்க்க. அப்படி ஒருவர் வீடு வீடாக வருவது நல்ல விஷயம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக்கல்வி என்று ஒரு ஏற்பாடே கிடையாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது பிரிவு 10, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. இந்த இடைவெளியில்தான் நாம் இருக்கிறோம் என்பதை மனதில் வைத்து, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, குழந்தையின் நோட்டுகளைக் காட்டிப் பேசுங்கள்.

வீட்டுக்குள்ளேயே பள்ளி நடத்துவது

ஒன்பது மணிக்கு முதல் பீரியட், பத்தே முக்காலுக்கு இன்டர்வெல். வேண்டாம். ஒரு குழந்தையோடு ஒரு ஆள் உட்கார்ந்தால் வகுப்பறையில் ஒரு நாளில் நடப்பது காலைக்குள் முடிந்துவிடும். முதல் சில மாதம் படிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் இருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பாடப் பெட்டி வாங்காதீர்கள், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அத்தனையும் இலவசமாகவே தரவிறக்கலாம்.

"பத்தாம் வகுப்புக்கு இன்னும் எவ்வளவோ வருஷம் இருக்கே"

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம் இதுதான். கற்றுக்கொடுப்பதில் இத்தனை அக்கறை காட்டுகிற பெற்றோர், சான்றிதழ் என்றதும் ஏதோ கீழான விஷயம் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அப்புறம் பிள்ளைக்கு 15 வயது ஆகும்போது பதறி, கண்ணில் பட்ட முதல் ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள்.

திருப்பூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெண் ஆறாம் வகுப்போடு நின்றவள், படு சூட்டிகை. பழுதான மிக்ஸி, டேபிள் ஃபேன் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்ப்பாள், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் போய் உட்கார்ந்து எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்று எழுதி வைத்துக்கொண்டு வருவாள். சான்றிதழ் பற்றிப் பேச்செடுத்தால் அவள் அப்பா, "அதுக்கு என்.ஐ.ஓ.எஸ் இருக்குதுங்க அக்கா, பார்த்துக்கலாம்" என்பார். பள்ளிக்குப் போகாமலேயே பத்தும் பன்னிரண்டும் எழுத வழி செய்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளிதான் என்.ஐ.ஓ.எஸ். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு ஒருநாள் '10, 12 நேரடித் தேர்வு, 100% தேர்ச்சி' என்று போர்டு வைத்த ஒரு சென்டரில் சேர்த்துவிட்டார். கேட்ட பணத்தையும் கொடுத்தார். பாடங்களை அங்கே இருந்த ஆளே தேர்ந்தெடுத்தார்: தமிழ், மனையியல், ஓவியம், வணிகக் கல்வி, டேட்டா என்ட்ரி. கணிதமும் இல்லை, அறிவியலும் இல்லை. "கஷ்டமான பாடம் எதுக்குங்க, பாஸானாப் போதும்ல" என்றாராம்.

அந்த விண்ணப்பத்தின் நகலைப் பிறகு நான் பார்த்தேன். மொபைல் எண் போட வேண்டிய இடத்தில் சென்டர்காரர் எண், மின்னஞ்சல் முகவரியும் அவருடையது. ஓடிபி, ஹால் டிக்கெட், அசைன்மென்ட் கடைசித் தேதி எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கிறது, இவர்களுக்குச் சொந்தப் பெண்ணின் பாஸ்வேர்டு கூடத் தெரியாது. டி.எம்.ஏ என்கிற அசைன்மென்ட்டை யாரோ எழுதி ஏற்றியிருக்கிறார்கள், பெண் ஒரு வரி எழுதவில்லை. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு!

பாஸானாள். ஐ.டி.ஐ-யில் எலக்ட்ரீஷியன் படிக்கப் போனாள். அந்தப் பிரிவுக்குக் கணிதம், அறிவியல் பாடங்களோடு பத்தாவது தேறியிருக்க வேண்டும். கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "பத்தாவது பாஸ்தானுங்களே அக்கா, அப்புறம் ஏன் முடியாதுங்கறாங்க?" என்று அவள் அப்பா கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு வேண்டிய பாடத்தை மட்டும் எழுதுகிற பார்ட் அட்மிஷனில் அந்த இரண்டு பாடத்தையும் போட்டு, அவளே உட்கார்ந்து படித்து எழுதித் தேறினாள். ஒரு வருடம் போனது போனதுதான். முதலிலேயே எழுதியிருந்தாலும் தேறியிருப்பாள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். டீச்சர்களையே நம்பாமல் பெண்ணைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தவர், அவளால் கணக்குப் போட முடியாது என்று யாரோ ஒரு ஆள் சொன்னதை நம்பிவிட்டாரே.

இத்தனைக்கும் என்.ஐ.ஓ.எஸ் விதிகள் நம்மைப் போன்றவர்களுக்கு வசதியானவை. பத்தாம் வகுப்புக்கு 14 வயது முடிந்திருக்க வேண்டும். குறைந்தது ஐந்து பாடம், அதிகபட்சம் ஏழு. மொழிப் பாடம் ஒன்றாவது வேண்டும், இரண்டுக்கு மேல் கூடாது. தமிழ் வழியிலும் எழுதலாம். வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் மே மாதங்களிலும் அக்டோபர் நவம்பரிலும், பொதுத்தேர்வு. சேர்ந்தால் ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. அதாவது முதலில் தமிழும் ஓவியமும் எழுதிவிட்டு, அடுத்த முறை அறிவியல், அதற்கடுத்து கணிதம் என்று குழந்தையின் வேகத்துக்கு நிதானமாகப் போகலாம். பாடப் புத்தகங்கள் அவர்கள் தளத்திலேயே இலவசம். விண்ணப்பத்தை நாமே, நம் மொபைல் எண்ணைக் கொடுத்து, வீட்டில் உட்கார்ந்து போட முடியும். இடையில் ஒரு ஆள் எதற்கு?

ஒரு விதி மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. பத்து முடித்து இரண்டு வருட இடைவெளி ஆனால்தான் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கையில் கிடைக்கும். பத்தாவதைத் தள்ளிப்போட்டால் பன்னிரண்டும் சேர்ந்து தள்ளிப்போகும், வேகமாகப் படித்துச் சரிக்கட்ட முடியாது.

அதனால் குழந்தைக்கு 12 வயதாகும்போதே உட்கார்ந்து பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். ஜே.இ.இ பக்கம் போகும் ஆசை இருந்தால் என்.ஐ.ஓ.எஸ் பன்னிரண்டில் ஐந்து பாடம் வேண்டும், அதில் இயற்பியலும் கணிதமும் இருந்தாக வேண்டும். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்கள் நீட் எழுத முன்பு தடை இருந்தது, 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்னும் பழைய தடையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராகவும் பத்தாவது எழுதலாம். நேரடியாக எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அந்த அறிவிப்பைத் தவறவிட்டு ஒரு வருடத்தை இழப்பவர்கள் அதிகம். என்ன ஆகப்போகிறாள் என்று 12 வயதில் யாருக்கும் தெரியாது, அது எனக்கும் புரிகிறது. தெரியாததால்தான் கணிதத்தையும் அறிவியலையும் பட்டியலில் வைக்கச் சொல்கிறேன். ஏழு பாடம் வரை இடம் இருக்கிறது, ஓவியமும் இருக்கட்டும், அறிவியலும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் அம்மா தலையில் கட்டுவது

முடிவெடுக்கும்போது இரண்டு பேர், சமையலுக்கு நடுவில் பின்னம் சொல்லிக்கொடுப்பது ஒருவர் மட்டும். அப்பா வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் ஒரு பாடத்தையாவது முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்குக் கூட்டிப்போவதை இதில் சேர்க்காதீர்கள். அம்மாவுக்கு வாரத்தில் ஒரு முழுநாள் பிள்ளைகளிடமிருந்து ஓய்வு கிடைக்காத வீடுகளில் இது நிலைத்து நான் பார்த்ததில்லை.

சொந்தக்காரர் முன்னால் வாய்ப்பாடு சொல்லச் சொல்வது

செய்யாதீர்கள்.

ஃபிரெண்ட்ஸ் தானாகக் கிடைப்பார்கள் என்று நினைப்பது

கிடைக்க மாட்டார்கள். மற்றப் பிள்ளைகள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் தெருவுக்கு வருவார்கள். அந்த நேரத்தில் உங்கள் பிள்ளையை எந்த வகுப்பிலும் சேர்க்காமல் விடுங்கள்.

திரும்பப் பள்ளிக்குப் போவதைத் தோல்வி என்று நினைப்பது

குழந்தையே கேட்டால் சேர்த்துவிடுங்கள். எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது, விட்டுப்போன பாடங்களுக்குத் தனிப் பயிற்சி பெறவும் அதில் உரிமை இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்க முடியாது, டிசி வரத் தாமதம் என்று காத்திருக்க வைக்கவும் முடியாது. 14 வயது தாண்டி ஒன்பதாம் வகுப்புக்குப் போய் நின்றால் இந்தப் பிடி கையில் இருக்காது, தலைமை ஆசிரியரின் மனதைப் பொறுத்தது. ஆகவே 13 வயது நடக்கும்போது ஒருமுறை பிள்ளையிடம் வெளிப்படையாகவே கேட்டுவிடுங்கள், என்ன பதில் வந்தாலும் செய்வதற்கு அப்போது நேரம் இருக்கும்.